டயரின் ஆயுளைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள்

பைக்குக்குப் புது டயர் போட்டால் முதலில் வரும் கேள்வி, ‘எவ்வளவு ஓடும்?’ என்பதுதான். டயர் கடையிலும் அதே கேள்வி, பஞ்சர் கடையிலும் அதே கேள்வி, லடாக் போய்த் திரும்பியவரைப் பார்த்தாலும் அதே கேள்வி. ‘பதினஞ்சாயிரம் ஓடுச்சு’ என்றால் அது நல்ல டயர். ‘ஏழாயிரத்துலயே முடிஞ்சுபோச்சு’ என்றால் மட்டமான டயர். தார் ரோடு, மண் ரோடு இரண்டுக்குமாகச் செய்யப்படும் அட்வென்ச்சர் பைக் டயர்களை இந்த ஒற்றை எண்ணை வைத்தே தரம் பிரிக்கிறோம். இதை அரைகுறைக் கணக்கு என்று மென்மையாகச் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. இது தப்புக் கணக்கு. மழையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆளைக் கீழே தள்ளக்கூடிய கணக்கு.

இந்த வகை டயருக்கு ஆயுள் ஒன்றில்லை, மூன்று இருக்கிறது. சேற்றிலும் ஜல்லியிலும் பிடித்து இழுக்கும் ஆயுள் முதலில் முடிகிறது. ஈரத் தாரில் நம்பிப் பிரேக் பிடிக்கவும் வளைவில் தயங்காமல் சாய்க்கவும் முடிகிற ஆயுள் அதற்குப் பிறகு முடிகிறது. எல்லாம் போன பின்னும், காய்ந்த நேர்ச்சாலையில் வண்டியைத் தாங்கி உருண்டுகொண்டிருக்கும் ஆயுள் மிச்சமிருக்கும். நாம் கேட்டு வாங்கி ஒருவருக்கொருவர் சொல்லி மகிழும் கிலோமீட்டர், இந்த மூன்றாவது ஆயுளின் கணக்கு. டயரை எந்த வேலைக்காகக் காசு கொடுத்து வாங்கினோமோ அந்த வேலையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

மண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். பட்டன் டயர் என்று நாம் சொல்லும் கட்டை கட்டையான டயர் மண்ணில் பிடிப்பதற்குக் காரணம் அந்தக் கட்டைகளின் உயரமும் அவற்றுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளியும். தளர்ந்த மண்ணுக்குள் கட்டை இறங்கி, அதன் பக்கச்சுவர் மண்ணைத் தள்ள, அந்த எதிர்விசையில் வண்டி முன்னேறுகிறது. சக்கரம் மேலே சுழன்று வரும்போது இடைவெளியில் அடைத்த சேறு தெறித்து வெளியேற வேண்டும். புதிதில் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் ஆழம் இருக்கும் பின் டயர் நான்கு மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் இந்த இரண்டும் கெட்டுவிடுகின்றன. கட்டை இறங்குவதில்லை. அடைத்த சேறு வெளியேறுவதில்லை. இரண்டு சுற்றில் டயர் முழுக்கச் சேறு பூசிக்கொண்டு மொட்டை டயரைப் போலவே சுழல்கிறது. கண்ணுக்குப் பாதி ரப்பர் மிச்சமிருக்கிறது. மண் ரோட்டுக்கு அது செத்த டயர்.

ஆக, ஒருவர் மண் ரோட்டுக்கென்று பட்டன் டயர் வாங்கி, சட்டம் அனுமதிக்கும் கடைசி மில்லிமீட்டர் வரை ஓட்டினால், அந்த ஓட்டத்தில் ஏறக்குறைய இரண்டாம் பாதி முழுக்க அவரிடம் மண் டயரே கிடையாது. ஆனாலும் அவர் ‘என் பட்டன் டயர் இவ்வளவு ஓடியது’ என்று முழு எண்ணையும் சொல்கிறார். கேட்பவரும் அதை நம்பி வாங்குகிறார்.

தாரில் கதை வேறு மாதிரி நடக்கிறது. அதனால்தான் பலருக்கும் இது பிடிபடுவதில்லை. புது பட்டன் டயர் தாரில் கொஞ்சம் தள்ளாடும். உயரமான கட்டைகள் பாரத்தில் வளைந்து நிமிர்வதால் வண்டி மிதப்பதுபோல் இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிக் கட்டைகள் குட்டையானதும் அந்த ஆட்டம் அடங்கும். ‘இப்பதான் டயர் செட்டாச்சு’ என்று திருப்திப்படுகிறோம். மண்ணில் டயர் சாகத் தொடங்கும் அதே கட்டத்தில் தாரில் அது நன்றாகிவிட்டதாகத் தோன்றுகிறது. இந்த இதமான இடைக்காலத்தை வைத்துத்தான் பெரும்பாலோர் டயருக்கு நற்சான்று எழுதுகிறார்கள்.

அதன் பிறகு நடப்பதைப் பார்க்க வண்டியை சைடு ஸ்டாண்டில் போட்டுவிட்டு, பின் டயரின் குறுக்கே உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் போதும். புது டயர் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சீராக வளைந்திருக்கும். நெடுஞ்சாலையில் பெட்டியும் பையும் ஏற்றிக்கொண்டு நேராகவே ஓடிய டயரின் நடுப்பகுதி தட்டையாகிக் கிடக்கும். தட்டைப்பகுதி முடியும் இடத்தில் ஒரு வரம்பு விரலில் தட்டும். இப்போது முன் டயரைத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் கை வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த்திசையில் கட்டைகளின் விளிம்பு ரம்பப்பல் மாதிரி தடுக்கும். ஒவ்வொரு கட்டையும் தரையைத் தொடும்போது வளைந்து, விடும்போது உதறிக்கொண்டு நிமிர்வதால், ஒரு விளிம்பு அதிகம் தேய்ந்து மறு விளிம்பு தூக்கலாக நிற்கிறது. முன் சக்கரத்திலிருந்து வரும் அந்த ‘ஊம்ம்’ சத்தம் நாளுக்கு நாள் கூடுவதும் இதனால்தான்.

தட்டையான பின் டயர் வளைவில் என்ன செய்யும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். வண்டியைச் சாய்க்கப் பார்த்தால் முதலில் சாய மறுக்கும், முரண்டு பிடிக்கும். கொஞ்சம் அழுத்தம் கொடுத்ததும் அந்த வரம்பைத் தாண்டி, கேட்டதைவிட அதிகமாகப் பொத்தென்று விழும். கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40. கல்லட்டிப் பாதையில் 36. ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுபவர் டயரின் இந்த இரட்டைக் குணத்தோடு மல்லுக்கட்டியபடி ஏறுகிறார், அதைவிட ஆபத்தாக இறங்குகிறார். வளைவில் மழைநீரும் காய்ந்த இலையும் தேயிலைத் தோட்டத்து மண்ணும் கலந்து கிடந்தால் அந்தப் பொத்தென்ற சாய்வு எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்திலும் டயரில் ‘லைஃப்’ இருக்கிறது. அதன் பள்ளங்களில் ஆழம் மிச்சமிருக்கிறது. கிலோமீட்டர் கணக்குப்படி அது இன்னும் மூவாயிரம் ஓட வேண்டிய டயர்.

‘சட்டமே 0.8 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, இரு சக்கர வாகனத்துக்கு அந்த எல்லையை வைத்திருப்பது உண்மைதான். கார்களுக்கு 1.6 மில்லிமீட்டர். ஜெர்மனியில் மோட்டார் சைக்கிளுக்கே 1.6. சட்டம் வரைந்த கோடு, அதற்குக் கீழே போனால் அந்த வண்டி ரோட்டில் இருக்கவே கூடாது என்று சொல்கிறது. அதுவரை டயர் நன்றாக வேலை செய்யும் என்று அது எங்கும் உத்தரவாதம் தரவில்லை. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் டயருக்கும் தாருக்கும் நடுவே சிக்கும் தண்ணீர் வெளியேற வழி கிடைக்கும். ஆழம் குறையக் குறைய, மழையில் டயர் தண்ணீரைக் கிழித்துத் தாரைத் தொடும் வேகமும் குறைகிறது. அந்தச் சரிவு கடைசி மில்லிமீட்டரில் திடீரென்று தொடங்குவதில்லை, வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

நீண்ட ஆயுள் எங்கிருந்து வருகிறது என்பதையும் பேச வேண்டும். ரப்பர் கலவையைக் கடினமாக்கினால் டயர் மெல்லத் தேயும். நடுவில் கட்டைகளை நெருக்கி, தொடர்ச்சியான பட்டையாக அமைத்தால் இன்னும் மெல்லத் தேயும். இரண்டுக்கும் விலை உண்டு. நெருக்கிய கட்டைகளுக்கு நடுவே அடைத்த சேறு வெளியேறாது. கடினமான ரப்பர் தாரின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் படிந்து இறங்காது. குளிரிலும் ஈரத்திலும் அது சட்டென்று தெரியும். ஜெர்மனியின் ஹைடனாவ் நிறுவனத்தின் கே60 ஸ்கவுட் உலகம் சுற்றும் பயணிகளிடையே நீண்ட ஆயுளுக்குப் பேர்போன டயர். அதை விரும்பிப் போடுபவர்களே ஈரத் தாரில் அதோடு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பார்கள். அதே ஜெர்மனியின் கான்டினென்டல் டிகேசி 80 மண்ணில் கெட்டியாகப் பிடிக்கும், மளமளவென்று தேயும். இரண்டும் தங்கள் இயல்பை ஒளிப்பதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு டயர் கடையே இல்லாத நாடுகளைக் கடப்பவருக்கு நீண்ட ஆயுள் உண்மையான தேவை. அதற்காகப் பிடிப்பில் கொஞ்சம் இழக்க அவர் யோசித்து முடிவெடுக்கிறார். ஊருக்கு ஊர் டயர் கடை இருக்கும் நாட்டில் வாழும் நாம் எதற்காக அந்த இழப்பை ஏற்க வேண்டும்?

இதற்கு நடுவில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நடுவில் கடினக் கலவை, ஓரங்களில் மென்கலவை என்று இரண்டையும் ஒரே டயரில் வைக்கிறார்கள். சிலிகா சேர்த்த கலவை ஈரத்தில் பிடிப்பைக் கூட்டுகிறது. நல்ல முயற்சிகள், வரவேற்கிறேன். ஆனால் இரட்டைக் கலவையிலும் பிரேக் பிடிக்கும்போது தரையில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கடினமான நடுப்பகுதிதான். வளைவில் உதவும் மென்மை நேர்க்கோட்டில் நிறுத்த உதவாது.

காசைப் பற்றிய வாதம்தான் எல்லாவற்றையும்விட வலுவானதாகக் கருதப்படுகிறது. அதை நேராகவே எதிர்கொள்கிறேன். பின் டயர் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது 10,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 50 பைசா. 15,000 ஓடினால் 33 பைசா. வித்தியாசம் 17 பைசா. அதே வண்டி லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தந்து, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால், பெட்ரோலுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 33 பைசா போகிறது. சென்னையிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டி லே போய்ச் சேர்ந்தால், நீண்ட ஆயுள் டயரால் மிச்சமாவது 510 ரூபாய். வழியில் ஒரு இரவு தங்கும் அறை வாடகைக்குக்கூட அது காணாது.

அந்த 17 பைசாவுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதையும் கணக்கிடலாம். இரண்டு வண்டிகள் 80 கிலோமீட்டர் வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. குறுக்கே ஒரு மாடு வருகிறது, இரண்டு பேரும் ஒரே நொடியில் முழுப் பிரேக் பிடிக்கிறார்கள். ஒருவரின் டயர் மற்றவருடையதைவிடக் கால்பங்கு குறைவாகப் பிடிக்கிறது என்று கொள்வோம். நல்ல டயர் போட்டவர் சுமார் 32 மீட்டரில் நின்றுவிடுகிறார். அவர் நிற்கும் அதே இடத்தை மற்றவர் கடக்கும்போது அவருடைய வண்டி எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? 40 கிலோமீட்டர். கால்பங்கு பிடிப்பு குறைந்ததற்குப் பாதி வேகம் அப்படியே மிச்சமிருக்கிறது. பள்ளிக்கூடத்து இயற்பியல்தான் இது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் கூடுவதால், கடைசிச் சில மீட்டர்களில்தான் வேகம் மளமளவென்று குறைகிறது. அந்தச் சில மீட்டர்கள் கிடைக்காதவர் 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறார்.

5,000 ரூபாய் பெரிய தொகையாக இருக்கும் வீடுகள் ஏராளம். நாள்தோறும் வேலைக்கு அதே வண்டியில் போய், வருஷத்துக்கு ஒருமுறை மலைக்குப் போகிறவரிடம் ‘பாதியிலேயே டயரைக் கழற்றி எறி’ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவருக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது. அவருடைய ஓட்டம் ஏறத்தாழ முழுக்கத் தாரில்தான். கட்டைகளை நெருக்கி அமைத்த ரோடு ரகத்து அட்வென்ச்சர் டயர் அவருக்கு இயல்பாகவே அதிகம் ஓடும், ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கும், கரடுமுரடான மண் பாதையில் நிதானமாகப் போகவும் போதும். பட்டன் டயர்தான் வேண்டும் என்று தோற்றத்துக்காக வாங்கி, அதுவே அதிகமும் ஓட வேண்டும் என்று கடினமான ரப்பராகப் பார்த்து வாங்குபவர் இரண்டு பக்கமும் இழக்கிறார். தாரில் கட்டைகள் ஆடும், ஈரத்தில் ரப்பர் வழுக்கும். காசையும் உயிரையும் சேர்த்துக் காக்கும் தேர்வு முதல் தேர்வுதான். கிலோமீட்டர் மோகம் அதைக் கண்ணில் காட்டுவதில்லை.

‘50-50’, ‘80-20’ என்று டயர்களுக்கு ஒட்டும் விகிதமும் இந்த மயக்கத்துக்கு உடந்தை. தாருக்கு இத்தனை, மண்ணுக்கு இத்தனை என்று சொல்லும் இந்த விகிதத்தைத் தீர்மானிக்கப் பொதுவான சோதனை எதுவும் கிடையாது. தயாரிப்பவர் தானே மதிப்பிட்டுச் சொல்லும் எண் அது. ஒரு நிறுவனத்தின் 50-50 இன்னொரு நிறுவனத்தின் 70-30க்குச் சமமாக இருக்கலாம். அந்த விகிதமும் புது டயருக்குத்தான் பொருந்தும். 50-50 என்று வாங்கியது பாதி தேய்ந்ததும், மேலே சொன்ன காரணங்களால், மண்ணில் 50 என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தவர் சொல்லும் கிலோமீட்டர் எண் உங்களுக்குப் பயன்படாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹிமாலயன் 450 தரும் முறுக்குவிசை 40 நியூட்டன் மீட்டர். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் தருவது 143. டயரைத் திருகும் விசை இவ்வளவு மாறுபடும்போது, பெரிய வண்டியில் ஒரு டயர் எவ்வளவு ஓடியது என்பது நம் வண்டிக்குச் சேதி சொல்லாது. ஒரே வண்டியிலும் ஏற்றிய பாரம், தார் எவ்வளவு சொரசொரப்பு, மே மாதத்து வெயிலா டிசம்பர் குளிரா, ஆக்சிலரேட்டரை ஓட்டுபவர் எப்படித் திருகுகிறார் என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணை உருவாக்குகின்றன. இவற்றோடு சேரும் காற்றழுத்தம் தனியாகப் பேச வேண்டியது. மண் பாதைக்காகக் காற்றை இறக்கிவிட்டு, திரும்பித் தாருக்கு வந்ததும் ஏற்றாமலே நூறு கிலோமீட்டர் ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. குறைந்த காற்றில் டயரின் பக்கவாட்டுச் சுவரான சைட்வால் அதிகம் வளைந்து சூடேறி, கட்டைகள் இழுபட்டுத் தேய்கின்றன. டியூப் போட்ட ஸ்போக் சக்கரமாக இருந்தால் டியூபும் பாதிக்கப்படும். கையடக்கப் பம்ப் ஒன்று பையில் இருந்தால் இத்தனையும் மிச்சம். பிடிப்பை இழக்காமல் ஆயுளைக் கூட்டும் நேர்மையான வழி இதுதான், கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்வதும் இதையே.

குறைவாக ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசமாகத் துரோகம் செய்கிறது. சைட்வாலில் நான்கு இலக்கத்தில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம். வெயிலில் நின்ற வண்டியின் ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இறுகும், பள்ளத்தின் அடியில் மயிரிழைபோல் வெடிப்புகள் தெரியத் தொடங்கும். ‘நாலாயிரம்தான் ஓடியிருக்கு, புது டயர் மாதிரி’ என்று பெருமைப்படும் வண்டிகள் பலவற்றில் டயருக்கு வயதாகி வெகு நாளாகிறது.

பின் டயரை மாற்றும்போது முன் டயரை அப்படியே விட்டுவிடுவதும் இதே சிந்தனையின் விளைவு. முன் டயர் மெதுவாகத் தேயும், பள்ளம் ஆழமாகவே இருக்கும், ‘இன்னும் லைஃப் இருக்கு’ என்று கடைக்காரரும் சொல்வார். ஆனால் அது ரம்பப்பல்லாகத் தேய்ந்த டயர். பின்னால் கூர்மையான புது டயர், முன்னால் உரு மாறிய பழைய டயர். வண்டி வளைவில் ஒன்று சொல்ல, ஹேண்டில்பார் வேறொன்று சொல்லும். பிரேக் பிடிக்கும்போது பெரும்பாரம் முன் சக்கரத்துக்குத்தான் போகிறது, பிடிப்பு முதலில் போய்விடக் கூடாத சக்கரமும் அதுவே. பின் டயர் வழுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம். முன் டயர் வழுக்கினால் அனேகமாகக் கீழேதான்.

இவ்வளவும் தெரிந்தவர்களும் ஏன் கிலோமீட்டரைக் கேட்கிறார்கள் என்று யோசித்தால், அவர்கள் கையில் வேறு எண்ணே இல்லை என்பது புலப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கார், வேன், லாரி டயர்களின் லேபிளில் ஈரத் தரைப் பிடிப்பின் தரம் அச்சிட்டிருக்கும். மோட்டார் சைக்கிள் டயரை அந்த விதியில் சேர்க்கவில்லை. இங்கும் இரு சக்கர வாகன டயரில் அளவு, பார எண், வேக எழுத்து, தேதி எல்லாம் இருக்கும், ஈரத்தில் எத்தனை மீட்டரில் நிற்கும் என்று மட்டும் இருக்காது. ரோட்டில் ஓடும் வண்டிகளில் பெரும்பங்கு இரு சக்கர வாகனங்களாக இருக்கும் நாட்டில், அதிலும் விழுந்தால் அடிபடுவதற்கு உடம்பைத் தவிர எதுவும் குறுக்கே இல்லாத வண்டிக்கு, இந்தத் தகவல் மறைந்து கிடப்பதை நியாயப்படுத்த முடியாது.

இதை மாற்றத் தொலைவில் போக வேண்டியதில்லை. ஹிமாலயன் சென்னைக்குப் பக்கத்தில் தயாராகிறது. எம்ஆர்எஃப் சென்னையில் பிறந்த நிறுவனம். யூரோகிரிப் என்ற பெயரில் விற்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் ஆலை மதுரையில் இருக்கிறது. சியட்டுக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆலை உண்டு. வண்டிகளைச் சோதிக்க ஒரகடத்தில் ஒரு மையமும் இந்தூர் அருகே பிதாம்பூரில் நாட்ராக்ஸ் தடங்களும் அரசு முதலீட்டில் எழுந்து நிற்கின்றன. புதிதாக ஒரு முறை, பாதி தேய்ந்த பின் ஒரு முறை என்று ஒவ்வொரு டயரையும் ஈரத் தரையில் சோதித்து, நிற்கும் தூரத்தைச் சைட்வாலிலோ விலைச் சீட்டிலோ அச்சிட வேண்டும் என்று நுகர்வோர் கேட்க வேண்டும். ரைடர் சங்கங்கள் கேட்க வேண்டும். அது வரும்வரை, கடையில் டயரைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, ‘மழையில எப்படி நிக்கும்?’ என்பதுதான். கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை என்றால், நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.